கிணற்றடிக் கணக்கு

பாரந் தூக்குவதைப் பற்றித் தமிழ் மாணவன் எழுதுதற்கு என்ன இருக்கிறது என்று பௌதிக வகுப்பு நண்பர்கள் நகைப்பது என் செவியில் விழாமலில்லை. விசை, வேலை, ஆற்றல் என்னும் மூன்றும் தங்கள் வகுப்பறைக்கே உரியன என்பது அவர்கள் எண்ணம். அம்மூன்றும் தமிழ்ச் சொற்கள். அவற்றை அவர்களுக்கு இரவல் கொடுத்தவர் நாம். இரவல் கொடுத்த பொருள் எந்நிலையில் இருக்கிறதென்று ஒருமுறை சென்று பார்த்துவர உடையவனுக்கு உரிமையுண்டன்றோ! ஆயினும் யான் இதனை எழுத நேர்ந்தது சொல்லாராய்ச்சியால் அன்று. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியால் நேர்ந்தது.

எங்கள் ஊர் தென்பாண்டி நாட்டில், செம்மணல் தேரியை அடுத்துள்ளது. பனைக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்கே பஞ்சம். வீட்டின் பின்புறத்தில் பாட்டனார் காலத்துக் கிணறு ஒன்றுண்டு. கோடையில் கைப்பிடிச் சுவரிலிருந்து நீர்மட்டம் முப்பது அடி ஆழத்திற்குப் போய்விடும். எட்டாண்டுகளுக்கு முன் அதற்கு மின்சார மோட்டார் வைத்தனர். மோட்டார் வந்த களிப்பில், கிணற்றின்மேல் கப்பி தொங்கிய இரும்புச் சட்டம் இனி எதற்கு என்று கழற்றப்பட்டு மாட்டுத் தொழுவத்திற்கு உத்தரமாயிற்று. கப்பி எங்கோ மூலையிற் கிடந்தது. அதற்கு முன் பல்லாண்டு காலம் எங்கள் குடும்பத்திற்கும், மாட்டிற்கும், முற்றத்து முருங்கைக்கும் நீர் சேந்தியவர் என் தாயார். அவரது வலத்தோளில் நெடுநாளாக ஒரு வலியுண்டு. அது எதனால் வந்ததென்று வீட்டில் எவரும் கேட்டதில்லை. யானும் கேட்டதில்லை.

விடுமுறைக்கு யான் வீடு சேர்ந்த மறுவாரம் மோட்டார் எரிந்துபோயிற்று. பழுது பார்ப்பவர் அதனைக் கழற்றிக் கொண்டுபோய், "நாளை தருகிறேன்" என்றார். அந்த நாளை மூன்று வாரம் நீண்டது. தெருக்குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறை வருவது குடிப்பதற்கே காணாது.

யான் திண்ணையில் சேனாவரையர் உரையோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். விடியுமுன் கிணற்றுப் பக்கமிருந்து ஓர் ஒலி வரும். தகரம் கல்லில் மோதும் ஒலி. சிறிது நேரம் சென்று மறுபடியும் அதே ஒலி. முதல் இரண்டு நாள் அரைத் துயிலில் அதனைக் கேட்டுப் புரண்டு படுத்தேன். மூன்றாம் நாள்தான் அது வாளி கிணற்றுச் சுவரில் இடிக்கும் ஒலியென்பது உறைத்தது. எழுந்து சென்று பார்த்தேன். அம்மா கைப்பிடிச் சுவரின்மேல் குனிந்து, இரு கையாலும் கயிற்றை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தார். மகன் உறக்கம் கெடக்கூடாதென்று விளக்கும் ஏற்றவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாது போனால் இக்கட்டுரை பொய்யாகும். இதற்கு முந்திய ஆண்டு, அன்னையின் பெருமை என்னும் பொருள்பற்றி நடந்த கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு பெற்றவன் யான்.

"நான் இறைக்கிறேன், விடுங்கள் அம்மா" என்றேன்.

"நீ படி ஐயா. இதென்ன பெரிய வேலையா?" என்றார்.

வலிந்து கயிற்றை வாங்கினேன். வாளி நீரில் அமிழ்ந்து நிறைந்தது, மெல்ல இழுத்தேன். சற்றும் கனக்கவில்லை. இவ்வளவுதானா என்று எண்ணிய அக்கணமே வாளி நீர்மட்டத்தை விட்டு மேலே வந்தது. யாரோ கீழிருந்து கயிற்றைப் பற்றி இழுத்தாற்போலப் பாரம் முழுவதும் என் கையில் வந்து விழுந்தது. நீருக்குள் இருக்கும்வரை வாளிநீரைச் சுற்றியுள்ள நீரே தாங்கிக்கொள்கிறது. வெளிவந்தபின் தாங்குவோன் நான் ஒருவனே. ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மையைப் பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கையால் அறிந்தது அன்றே.

ஐந்தாறு வாளி இறைப்பதற்குள் உள்ளங்கை எரிந்தது. விரைவில் முடித்துவிட்டால் விரைவில் ஓயலாம் என்னும் இளமையின் அறியாமையால், கயிற்றை வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கினேன். கயிறு கல்விளிம்பில் உரசி உரசி ஓரிடத்தில் நைந்திருந்தது. அதனை யான் கவனித்தேனில்லை. வாளி முக்காற்பங்கு தூரம் ஏறியிருக்கும். ஒரு வெட்டு வெட்டினேன். கை இலேசாயிற்று. ஒரு நொடி கழித்துக் கிணற்றின் அடியிலிருந்து பேரோசை எழுந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அண்டை வீட்டிற்குச் சென்று பாதாளக் கரண்டியை வாங்கிவந்து என் கையிற் கொடுத்தார். அவ்வாளியைத் துழாவி எடுக்க எனக்கு நண்பகலாயிற்று.

அன்று மாலை பெரியப்பா மகன் வந்திருந்தார். அவர் வெளியூரில் பௌதிகத்தில் மேற்பட்டம் படிப்பவர். எதனையும் கணக்காக்கிப் பார்க்காமல் விடாதவர். கயிறு அறுந்த கதையைக் கேட்டதும் நாட்காட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பென்சிலை எடுத்துவிட்டார்.

"தம்பி, நீ அசையாமல் பிடித்திருந்தால் கயிறு தாங்கவேண்டியது வாளியின் எடையை மட்டும். வாளியும் நீருமாகப் பதினொரு கிலோ, அதனை 9.8 ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 108 நியூட்டன். சீராக ஒரே வேகத்தில் இழுத்தாலும் அதே 108 தான். வெட்டி இழுக்கும்போதோ வாளிக்கு வேகத்தைக் கூட்டுகிறாய். நொடிக்கு நொடி ஐந்து மீட்டர் வேகம் கூடும்படி இழுத்தாயென்றால் 9.8 உடன் ஐந்தையும் சேர்த்துப் பெருக்கவேண்டும், 163 ஆகிறது. ஒன்றரை மடங்கு! நைந்த கயிறு என்ன செய்யும்?"

இதுவரை எனக்கு வருத்தமில்லை. குற்றம் என்னுடையது, கணக்கும் செவ்வையானது. அதன்பின் அவர் செய்த கணக்குத்தான் என்னைச் சுட்டது.

"சரி, சித்தி ஒரு நாளைக்குச் செய்யும் வேலை எவ்வளவு என்று பார்ப்போம். வேலையாவது விசையும் தூரமும் பெருக்கிய தொகை. ஒரு வாளிக்குப் பத்து லிட்டர், அதாவது பத்துக் கிலோ. முப்பது அடி ஏறத்தாழ ஒன்பது மீட்டர். பத்து, 9.8, ஒன்பது, 882 ஜூல். நாளைக்கு நாற்பது வாளி; 35,280 ஜூல். உணவுக் கணக்கில் எட்டரைக் கிலோகலோரி கூட இல்லை. இரண்டு கிராம் சர்க்கரை! அரைத் தேக்கரண்டி!" என்று சொல்லிச் சிரித்தார். பின்னும் விடாமல், "மின்சாரக் கணக்கில் ஒரு யூனிட் என்பது முப்பத்தாறு இலட்சம் ஜூல். சித்தி நூறு நாள் இறைக்கும் நீர் ஒரு யூனிட்டில் அடங்கிவிடும்" என்றார்.

அடுக்களையிலிருந்த அம்மா இதனைக் கேட்டார். "அப்படியானால் நாளை முதல் காப்பியில் அரைக்கரண்டி கூடப் போட்டுக்கொள்கிறேன். தோள்வலி தீர்ந்துபோகும்" என்றார். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சினமே வந்தது, ஆனால் எதன்மேற் சினப்பது? பெருக்கல் பிழையன்று. இரண்டுமுறை போட்டுப் பார்த்தேன். 35,280 தான்.

மறுநாட் காலை அண்ணன் தாமே கிணற்றடிக்கு வந்தார். பத்து வாளி இறைத்தார். பதினொன்றாவது வாளியைப் பாதியில் நிறுத்திக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"அண்ணா, இப்போது வாளி அசையவில்லையே. தூரம் சூனியம். ஆகவே நீங்கள் செய்யும் வேலையும் சூனியம் அன்றோ?" என்றேன். என் சினம் அவ்வளவில் தணிந்ததென்றே சொல்லலாம்.

அவர் வாளியை மேலேற்றிவிட்டு, கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் அமர்ந்தார். அவர் நல்லவர். தாம் சொன்னதைத் தாமே திருத்திக்கொள்ள நாணாதவர். "பெருக்கல் சரி, கேள்வி தவறு" என்றார். பிறகு அன்று முழுதும், இறைப்பதும் ஓய்வதும் கணக்கிடுவதுமாக, இருவரும் அக்கேள்வியைத் திருத்திக்கொண்டிருந்தோம்.

சுவரில் அறைந்த ஆணி ஒரு வாளியை ஓராண்டு தாங்கி நிற்கும். அதற்கு உணவு வேண்டா. தசையோ அவ்வாறன்று. தசையினுள் கண்ணுக்குத் தோன்றாத நுண்ணிழைகள் ஒன்றையொன்று பற்றியும் விட்டும், மறுபடி பற்றியும் இழுத்துக்கொண்டே இருந்தால்தான் கை வளைந்தபடி நிற்கும். ஒவ்வொரு பற்றுக்கும் உடலின் எரிபொருள் சிறிது செலவாகிறது. வாளி ஓரங்குலமும் உயராதபோது அச்செலவு முழுவதும் உஷ்ணமாகவே போகிறது. தசையில் தோன்றும் இவ்வுஷ்ணத்தை நுட்பமாக அளந்தவர் ஏ. வி. ஹில் என்னும் ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று பின் உடலியலுக்கு வந்தவர் அவர். 1922 ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசில் ஒரு பங்கு பெற்றார். கணக்கில் தேர்ந்த ஒருவருக்கே தசையின் கணக்கு வேறென்று தோன்றியது எனக்கு ஆறுதலாயிருந்தது.

இனி அம்மாவின் செயலை நாங்கள் எண்ணிப் பார்த்தோம். ஒரு வாளி மேலே வரப் பதினைந்து தரம் கை மாற்றுகிறார். நாற்பது வாளிக்கு அறுநூறு தரம். ஒவ்வொரு மாற்றத்திலும், ஒரு கை கயிற்றை விட்டு மறுகை பற்றும் இடைவேளையில், பாரம் முழுவதும் ஒரு கையில், ஒரு தோளில் தொங்குகிறது. அறுநூறு முறை அந்தத் தோள் பௌதிகக் கணக்கின்படி சூனிய வேலை செய்கிறது!

மேலும், அவர் குனிந்து இழுக்கிறார். ஒவ்வோர் இழுப்பிலும் இடுப்புக்கு மேற்பட்ட உடல் தாழ்ந்து எழுகிறது. அது முப்பது கிலோ என்றும், ஓர் இழுப்பிற்குப் பத்துச் சென்டிமீட்டரே எழுகிறது என்றும் கொண்டால், ஏறத்தாழ 29 ஜூல். பதினைந்து இழுப்பிற்கு 440. ஆகவே நீரை உயர்த்தும் வேலையிற் பாதியளவு, தம் உடலையே உயர்த்துவதிற் கழிகிறது. உடல் மீண்டும் தாழும்போது அது நீருக்கும் உதவாது, அவருக்கும் திரும்பாது. வாளியின் எடையைச் சேர்க்கவேண்டும். கயிற்றின் எடையைச் சேர்க்கவேண்டும். கல்விளிம்பில் கயிறு உரசுவதைச் சேர்க்கவேண்டும். இவையெல்லாம் சேர்த்த தொகையையும் நான்கு ஐந்து மடங்காக்கவேண்டும். ஏனெனில் மனித உடல் தான் செலவிடும் ஆற்றலில் நான்கிலொரு பங்கோ ஐந்திலொரு பங்கோதான் வெளிவேலையாக மாற்றவல்லது. எஞ்சியது வியர்வையாகவும் வெப்பமாகவும் போகும். அரைக்கரண்டிச் சர்க்கரை இவ்வாறு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளர்ந்து கைப்பிடியளவாயிற்று.

கைப்பிடியளவுதான். அதனையும் மறைக்காமல் சொல்லவேண்டும். உணவுக் கணக்கில் அது பெருந்தொகையாகவே ஆகாது. இது ஏனென்று கேட்டபோது அண்ணன் ஜூலின் கதையைச் சொன்னார். மான்செஸ்டரை அடுத்த ஊரில் மதுவடிசாலை உடைய குடும்பத்திற் பிறந்தவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். இரண்டு ஈயக் குண்டுகள் கீழே இறங்கும்போது, நீர் நிறைந்த செப்புக் கலத்தினுள் துடுப்புக்கள் சுழலுமாறு ஒரு பொறி செய்தார். குண்டுகள் ஐந்தேகால் அடி இறங்கும், மறுபடி மேலேற்றுவார், மறுபடி இறக்குவார். இவ்வாறு இருபது தரம். அதன்பின் நீரின் வெப்பம் பாரன்ஹீட் அளவில் ஏறத்தாழ அரைப் பாகையே ஏறியிருக்கும். 1849 இல் அவர் அறிவித்த முடிவு இது: ஒரு பவுண்டு நீரை ஒரு பாகை வெப்பமாக்கும் ஆற்றல், 772 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும். இக்கால அளவையிற் சொன்னால், ஒரு லிட்டர் நீரை ஒரு செல்சியஸ் பாகை சூடாக்கும் ஆற்றலைக்கொண்டு அதே நீரை 427 மீட்டர் மேலே தூக்கிவிடலாம். எங்கள் கிணறோ ஒன்பது மீட்டர்! ஒரு லிட்டர் நீரைக் கிணற்றினின்று மேலே கொணர 88 ஜூல். அதே நீரை அடுப்பிலேற்றிக் கொதிக்கவைக்க அதைப்போல் மூவாயிரம் மடங்குக்கு மேல். உலகத்தில் பாரந் தூக்குதல் மலிவானது; சூடேற்றுதலே விலையுயர்ந்தது. உணவு என்பது நெருப்பின் இனத்தைச் சேர்ந்தது. ஆகவே தூக்கும் வேலையை உணவால் அளந்தால் எதுவும் அற்பமாகவே தோன்றும். தோள் நோவதை அளக்க அந்த நாழி ஆகாது.

வேலை என்னும் அளவை எங்கே பிறந்தது என்பதையும் அப்போது அறிந்தேன். அதுவும் கிணற்றடியிற் பிறந்ததே. நம் கிணறன்று, நிலக்கரிச் சுரங்கத்தின் கிணறு. ஆழத் தோண்டத் தோண்ட இங்கிலாந்தின் சுரங்கங்களில் நீர் ஊறிப் பெருகியது. அதனை இறைத்தற்கு 1712 இல் நியூக்கமென் தம் நீராவி யந்திரத்தை நிறுத்தினார். பின்னர் வந்த பொறியாளர்கள், இத்தனை நிலக்கரி எரித்தால் எத்தனை பவுண்டு நீர் எத்தனை அடி ஏறுகிறது என்று ஒவ்வொரு யந்திரத்தையும் மதிப்பிட்டனர். ஜேம்ஸ் வாட், நிமிஷத்திற்கு 33,000 பவுண்டை ஓர் அடி தூக்குவதை ஒரு குதிரைத்திறன் என்று வைத்தார். இவற்றின் வழியே வந்த தொகைக்கு, 1829 இல் கோரியோலிஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர், தம் மொழியில் உழைப்பைக் குறிக்கும் பொதுச்சொல்லையே பெயராக வழங்கினார். யந்திரத்தின் உடையவருக்கு வேண்டியது ஒன்றே: ஏறிய நீர் எவ்வளவு? யந்திரத்திற்குத் தோளில்லை; அதனைக் கேட்கவேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை. ஆகவே அந்த அளவை, நீர் எவ்வளவு பெற்றது என்பதைச் சரியாகச் சொல்லும். கொடுத்தவர் எவ்வளவு இழந்தார் என்பதைச் சொல்ல அது செய்யப்படவே இல்லை.

இங்கேதான் தமிழ் மாணவனுக்குச் சிறிது வாய் திறக்க இடமுண்டு. நீர் பெற்றதற்கு வேலை என்று பெயர் வைத்தது பொருந்தும், இருக்கட்டும். அம்மா இழந்ததற்கு உழைப்பு என்னும் சொல் நம்மிடம் தனியே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கொண்டதே முந்தின மாலை எங்களுக்கு நேர்ந்த மயக்கம். ஆற்றல் என்னும் சொல் இன்னும் அழகியது. ஆற்றுதல் என்பதற்குச் செய்தல் என்றும் பொருளுண்டு. பொறுத்தல் என்றும் பொருளுண்டு. தணித்தல் என்றும் பொருளுண்டு. மோட்டாருக்கு முதற்பொருள் ஒன்றே உரியது. அம்மா கயிற்றை இழுக்கும்போது முதற்பொருளும், கை மாற்றும் இடைவேளையில் இரண்டாம் பொருளும், வெயிலில் வந்தவனுக்கு ஒரு செம்பு நீர் நீட்டும்போது மூன்றாம் பொருளும் நிறைகின்றன. இதனை அண்ணனிடம் சொன்னேன். தேர்வில் எழுதினால் பௌதிகத்தில் மதிப்பெண் கிடைக்காதென்றார். தமிழிலும் கிடைக்குமா என்பது ஐயமே.

அன்றிரவு குடும்ப ஜெபத்திற்குப்பின் வேதாகமத்தைப் புரட்டியபோது ரெபெக்காளின் நினைவு வந்தது. பலமுறை கேட்ட கதைதான். ஆயினும் நீர் இறைத்துக் கை கொப்புளித்தவன் படிக்கும்போது அது வேறு கதையாகிறது. ஆபிரகாமின் ஊழியக்காரனோடு வந்தவை பத்து ஒட்டகங்கள். நெடுந்தாகமுற்ற ஒட்டகம் ஒரே முறையில் நூறு லிட்டர் குடிக்கவல்லது. அதிற் பாதியே குடித்தன என்று வைத்தாலும் ஐந்நூறு லிட்டர் ஆயிற்று. எங்கள் வாளிக்கு ஐம்பது. அம்மாவின் ஒரு நாளை விட அதிகம். அவள் துரவில் இறங்கிக் குடத்தை நிரப்பி ஏறிவந்தவள். ஆகவே ஒவ்வொரு முறையும் குடத்தோடு தன்னையும் மேலே தூக்கினாள். அவ்வளவு நேரமும் அந்த மனிதன் வாய்பேசாது பார்த்துக்கொண்டிருந்தான் என்று வேதம் சொல்லுகிறது. இத்தனை காலமும் இக்கதையில் ரெபெக்காளின் நற்குணத்தையே கவனித்து வந்தேன். பார்த்துக்கொண்டிருந்தவனை அன்றுதான் கவனித்தேன். சமாரியப் பெண்ணும் ஜீவதண்ணீர் என்றதும் முதலில் வேண்டியது, இனி மொண்டுகொள்ள இங்கே வராதிருக்கும் வரத்தையே. அதனை அவளுடைய அறியாமை என்று விளக்கக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லுவோர் நண்பகலில் ஒரு குடம் நீர் சேந்திப் பார்த்தவர்களாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் நாங்கள் இருவரும் தொழுவத்து உத்தரத்தைக் கழற்றினோம். அதற்குப் பதிலாகப் பனங்கட்டை ஒன்றை வைத்து மாட்டைச் சமாதானம் செய்தோம். இரும்புச் சட்டம் மீண்டும் கிணற்றின்மேல் ஏறியது. கப்பியைச் சென்னைப் பக்கத்தார் இராட்டினம் என்பர். சகடை என்பாரும் உளர். எங்கள் கப்பி எட்டாண்டுத் துருவில் பூட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, எண்ணெய் விட்டுச் சுழற்றிப் பார்த்தோம். முதலில் அழுதது, பிறகு சுழன்றது.

"இதனால் விசை குறையாது, தம்பி. ஓரிடத்தில் நிற்கும் கப்பி திசையை மட்டுமே மாற்றும். உராய்வினால் விசை சிறிது கூடவும் செய்யும்" என்று அண்ணன் முன்னரே எச்சரித்தார். அப்படியாயின் இத்தனை பாடு எதற்கென்று எனக்கு மனம் சலித்தது.

அம்மா வந்து கயிற்றைப் பற்றினார். எட்டாண்டுக்கு முன் விட்ட பழக்கம் உடலை விட்டுப் போகவில்லை. நிமிர்ந்து நின்று, கையை மேலே உயர்த்திக் கயிற்றைப் பிடித்து, உடலைச் சற்றே பின்சாய்த்துத் தாழ்ந்தார், வாளி எழுந்தது. அவ்வளவில் எங்கள் நாட்காட்டிக் கணக்கு முழுவதும் கண்ணெதிரே திரும்பி நின்றது. முன்பு அவர் உடல் தாழும்போது கழிந்த ஆற்றல் வீணாயிற்று. இப்போது உடல் தாழ்வதே வாளியை உயர்த்துகிறது. ஐம்பது கிலோ எடையுள்ள உடல் பதினொரு கிலோ வாளிக்கு எதிர்த்தட்டாகிறது. பிறகு அவ்வுடலை நிமிர்த்துவன கால்கள். தோளைவிட எவ்வளவோ வலியவை அவை. உராய்வும் முற்றிலும் பகையன்று. இழுக்கும்போது தடுக்கும் அதுவே, கை மாற்றும்போது பாரத்தின் ஒரு சிறு பங்கைத் தான் பிடித்துக்கொள்கிறது. நீர் பெறும் வேலை அதே 882. அம்மாவின் உழைப்பு அதே அன்று.

அண்ணனுக்கு இது போதவில்லை. இன்னொரு கப்பியை வாங்கிவந்து, கயிற்றின் ஒரு முனையைச் சட்டத்திற் கட்டி, வாளியோடு கூடவே ஏறி இறங்கும்படி அதனைக் கோத்தார். கயிற்றின் இரு பிரிகள் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் இழுக்கவேண்டிய விசை பாதியாகும் என்றார், ஆயிற்று. வாளி பொம்மைபோல் எழுந்தது. ஆனால் முப்பது அடி நீருக்கு அறுபது அடி கயிறு இழுக்கவேண்டியிருந்தது. விசையிற் குறைந்ததைத் தூரம் வாங்கிக்கொண்டது. காலடியிற் கயிறு மலைபோற் குவிந்து சிக்கியது. கப்பியின் பாரத்தால் வாளி நேரே நின்றுகொண்டு நீரிற் சாய்ந்து நிறைய மறுத்தது. அம்மா நான்கு வாளி இறைத்துப் பார்த்தார். "கனம் பாதிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வாளிக்கு இரண்டு வாளிக் கயிறு யார் இழுப்பது? இதைக் கழற்றிவிடப்பா" என்றார். இயற்கையின் ஒரு பெருநியதியை நான்கு வாளியில் கண்டுகொண்டு, அண்ணனின் மனம் நோகாமல் தீர்ப்பும் சொல்லிவிட்டார். அண்ணன் இரண்டாம் கப்பியைக் கழற்றித் தம் பையிற் போட்டுக்கொண்டார்.

எஞ்சிய நாட்களில் காலை இருபது வாளி என்னுடையன என்று முடிவாயிற்று. வெட்டி இழுப்பதை விட்டேன். உடலைத் தாழ்த்தி இழுக்கும் முறையை அம்மா சொல்லித்தந்தார். கையால் இழுக்காதே, இடுப்பால் இழு என்பது அவர் பாடம். நான்கு நாளில் கொப்புளம் காய்த்துப்போயிற்று. சேனாவரையரும் சற்று எளிதாக விளங்கத் தொடங்கினார்; இதற்குக் காரணம் பௌதிகமா என்று யான் ஆராயவில்லை. அம்மாவின் தோள்வலி தீர்ந்துவிட்டது என்று எழுதினால் கதை அழகாக முடியும், தீரவில்லை. இரவில் எண்ணெய் தேய்த்துக்கொள்வது நிற்கவில்லை. ஆனால் இப்போது அது எதனால் வந்ததென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போது மோட்டார் திரும்பி வந்தது. விசைப்பொத்தானை அழுத்தியதும் தொட்டியில் நீர் கொட்டத் தொடங்கிற்று. பழுது பார்த்தவர் அண்ணாந்து பார்த்து, "இந்தச் சட்டம் இனி எதற்கு அம்மா? கழற்றி வைத்துவிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார்.

"அது இருக்கட்டும்" என்றார் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ போகுமுன் கப்பிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுப் போ ஐயா" என்றார்.